சாத்திய கதவின் இரண்டு பக்கங்கள்

1

போன கிழமை கிராமசபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இங்கே எங்கள் ஆட்கள் ‘கெமைண்ட’ என்று சொல்லும் அலுவலகம். எனக்கு ஐம்பது வயது நிறைந்துவிட்டதால் தீயணைப்புப் படையில் என் கடமை இந்த வருடத்தோடு முடிகிறதாம். தலைக்கவசம், சப்பாத்து, மேலங்கி, கையுறை எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும். மேலங்கியை வீட்டில் துவைக்கக் கூடாது, நாங்களே துவைத்துக்கொள்வோம் என்று ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. கூடவே இரண்டு பக்கத்தில் ஒரு படிவம்.

ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சுவிற்சர்லாந்தில் நான் இருக்கும் மாநிலத்தில், கிராமத்தில் குடியிருக்கும் உடல்நலமுள்ளவர்கள் எல்லோரும், வதிவிட உரிமை கிடைத்த என்னைப் போன்ற வெளிநாட்டவர்களும் சேர்த்துத்தான், தீயணைப்பில் சேர வேண்டும். சேர விருப்பமில்லாவிட்டால் வரி கட்டலாம். எங்கள் ஆட்கள் அநேகமாக வரியைக் கட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள். நான் சேர்ந்ததற்குக் காரணம் வீரம் இல்லை, வவுனியாவில் பிடித்த ஒரு பழக்கம்.

வெளிநாடு வருவதற்கு முன்பு சில மாதம் வவுனியாவில் ஒரு முகாமில் இருந்தேன். அங்கே எதற்கெடுத்தாலும் படிவம். எந்தப் படிவத்திலும் ‘இல்லை’ என்று போடக் கூடாது என்பது முகாமில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். ‘இல்லை’ என்று போட்டவனுக்கு அரிசி வராது, பாய் வராது, வெளியே போகப் பாஸ் வராது. நீந்தத் தெரியுமா என்று கேட்டிருந்தாலும் நாங்கள் ‘ஓம்’ என்றுதான் போட்டிருப்போம். அந்தக் கை இங்கே வந்த பிறகும் மாறவில்லை. தீயணைப்பில் சேர விருப்பமா என்று கெமைண்ட கேட்டபோது, பேனை தன்பாட்டில் ‘ஓம்’ பக்கம் போய்விட்டது.

என் மனைவி சாந்தி படிவத்தின் நகலைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தாள்.

“அடுப்பில பால் பொங்கினாலே ‘சாந்தீ’ எண்டு கத்துற ஆள் நீங்கள். நீங்கள் போய் ஊரார் வீட்டு நெருப்பை அணைக்கப் போறியளே?”

இப்போது வந்திருக்கும் படிவத்தின் கடைசிக் கேள்வி: உங்கள் சேவைக் காலத்தில் ஒரு மனித உயிரைக் காப்பாற்றியிருக்கிறீர்களா? நான் ‘இல்லை’ என்று போட்டேன். எனக்குத் தெரிந்து ஒரு படிவத்தில் நான் போட்ட முதல் ‘இல்லை’ அதுதான்.

“அப்ப அத்தான்?” என்றாள் சாந்தி. ஊரில் இருக்கும் என் அக்காவின் புருசனைத்தான் கேட்டாள்.

“அது நான் இல்லை. அக்கா.”

“அதை ஊருக்குச் சொல்லுங்கோ முதல்ல. பாவம், அங்க மனுசி தலை நிமிர்த்தேலாமல் திரியுறா.”

அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2

நான் சேர்ந்த காலத்தில் எங்கள் படைக்குத் தலைவர் வால்ட்டர். தொழிலில் தச்சர். கை இரண்டும் பலகை மாதிரி இருக்கும். மொழிப் பாடசாலையில் நான் படித்த ஜேர்மன் வேறு, வால்ட்டர் கத்துகிற மலைநாட்டு ஜேர்மன் வேறு. முதல் பயிற்சியில் எல்லோரும் நின்றுவிட்ட பிறகும் நான் குழாயை இழுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகை வரை ஓடினேன். அன்றிலிருந்து கட்டளையைக் காதால் கேட்பதை விட்டுவிட்டு, பக்கத்தில் நிற்பவனின் காலைப் பார்த்து நடக்கப் பழகினேன். பல வருடம் அப்படியே ஓடிவிட்டது.

வால்ட்டர் சொல்லிக்கொடுத்த முறை எளிமையானது. புகை என்றால் யன்னலை உடை, கதவைத் திற, புகையை வெளியே விடு, உள்ளே போ, நெருப்பைத் தேடு. வெளியில் நின்று யன்னலுக்குள்ளால் தண்ணீர் அடிக்காதே, நெருப்பை உள்ளே தள்ளிவிடுவாய். தலைக்கவசத்தில் படிந்த கரியைத் துடைக்காதே, அதுதான் உன் சான்றிதழ். அவருடைய தலைக்கவசம் எங்கள் ஊர்த் தோசைக்கல் நிறத்தில் இருந்தது. அதை அவர் சாப்பாட்டு மேசையிலேயே வைப்பார்.

எனக்கு இதில் எதுவும் புதிதாகத் தெரியவில்லை. எங்கள் ஊரான கண்டாவளையில் நாங்களும் இதைத்தான் செய்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்தவர்களில் என் ஐயாவும் ஒருவர். அந்தக் காலத்து வீடுகள் தென்னோலை பின்னிய கிடுகும் வைக்கோலும். ஒரு வீட்டில் நெருப்புப் பிடித்தால் அந்த வீட்டைக் கைவிட்டு அடுத்த வீட்டுக் கூரையில் ஏறிக் கிடுகைப் பிடுங்குவார்கள், நனைந்த சாக்கைப் போடுவார்கள். கீழே நிற்கிறவர்கள் எல்லாக் கதவையும் திறந்து நெல்மூட்டையையும் ரங்குப் பெட்டியையும் வெளியே எறிவார்கள். கிடுகு வீட்டுக்கு அது சரியான முறைதான்.

பிறகு விமானங்கள் வந்தன. இரைச்சல் கேட்டதும் பதுங்குகுழிக்கு ஓடுவதற்கு முன் ஐயா கதவு, யன்னல் எல்லாவற்றையும் விரியத் திறந்துவிடுவார். குண்டு விழுந்தால் அந்த அமுக்கம் வீட்டுக்குள்ளால் போய்விட வேண்டும், பூட்டியிருந்தால் சுவரைத் தள்ளிவிடும் என்பது அவருடைய கணக்கு. சரியோ பிழையோ, எங்கள் வீட்டில் ஆபத்து என்றால் கை தானாகக் கதவைத் திறக்கும். எல்லாம் அடங்கிய பின்னும் அந்த வீட்டில் யாரும் கதவைச் சாத்திப் படுத்ததில்லை.

3

நாலு வருடங்களுக்கு முன் பயிற்சி மையத்திலிருந்து நிக்கோல் என்ற பெண் வந்தார். முப்பது வயதிருக்கும். நெருப்புக்குப் படித்தவர். எங்களிடம் சொல்ல வந்ததை ஒரு மடிக்கணினியில் கொண்டுவந்திருந்தார். அதில் சிவப்பு, நீலக் கோடுகள் ஏறி இறங்கின. பின்வரிசையில் இருந்த விவசாயிகள் கொட்டாவி விட்டார்கள்.

அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். முந்தி வீட்டுக்குள் மரமும் பஞ்சும் இருந்தன. இப்போது இருப்பது பிளாஸ்ரிக்கும் பொலித்தீனும் ஸ்பொஞ்சும். அவை பிடித்தால் ஓடி எரியும். அறைக்குள் இருக்கிற காற்றை வெகு சீக்கிரம் தின்று முடித்துவிட்டு, நெருப்பு பசியோடு காத்திருக்கும். அப்போது ஒருவன் வந்து யன்னலை உடைத்தால் அவன் புகையை வெளியே விடவில்லை, நெருப்புக்குச் சோறு போடுகிறான். ஆகவே முதலில் கதவைச் சாத்துங்கள். உள்ளே போகிறவனுக்குத் தண்ணீர் தயாரான பிறகு திறவுங்கள். வெளியிலிருந்து தண்ணீர் அடித்தால் நெருப்பு உள்ளே தள்ளப்படும் என்பதைக் கருவி வைத்து அளந்து பார்த்தோம், அப்படி இல்லை. தண்ணீர் குளிர்விக்கத்தான் செய்கிறது. கரியில் நஞ்சு இருக்கிறது, தலைக்கவசத்தைக் கழுவுங்கள்.

வால்ட்டர் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். “கோடு கீறி நெருப்பை அணைக்கலாமென்று எனக்கு இதுவரை தெரியாது,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நிக்கோலும் சிரித்தார்.

அடுத்த சனிக்கிழமை, இடிப்பதற்கு இருந்த ஒரு பழைய பண்ணை வீட்டை எங்களுக்கு எரித்துக் காட்டினார்கள். நடு அறையில் பழைய சோபா. அதன் இரண்டு பக்கத்திலும் ஒரே அளவான இரண்டு படுக்கை அறை. ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைப் பிளாஸ்ரிக் கதிரை. எங்கள் ஊர்க் கலியாண மண்டபத்தில் அடுக்கி வைத்திருக்கும் அதே கதிரை. ஒரு அறையின் கதவு திறந்திருந்தது, மற்றதின் கதவு சாத்தியிருந்தது. சோபாவைக் கொளுத்தினார்கள். எரியவிட்டு அணைத்த பிறகு எங்களை உள்ளே கூட்டிப்போனார்கள்.

திறந்திருந்த அறையில் கதிரை இல்லை. நிலத்தில் கறுப்பாக ஏதோ உருகிக் கிடந்தது. சாத்தியிருந்த அறையில் கதிரை அப்படியே நின்றது. நிக்கோல் அதில் போய் உட்கார்ந்து காட்டினார்.

வால்ட்டர் அந்த இரண்டு அறைக்கும் நடுவில் வெகுநேரம் நின்றார். கதவின் வெளிப்பக்கத்தைத் தடவினார், பிறகு உள்பக்கத்தைத் தடவினார். தச்சர் அல்லவா, கதவு அவருக்குத் தெரிந்த பொருள்.

“அப்படியென்றால் நாங்கள் இதுவரை உடைத்த யன்னல்கள்?” என்று கேட்டார்.

அன்று யாரும் பகிடி விடவில்லை. அடுத்த பயிற்சிக்கு வால்ட்டர் தன் தலைக்கவசத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். அது மஞ்சள் நிறம் என்று எனக்கு அப்போதுதான் தெரியும்.

4

என் மகள் ஆரணிக்கு அப்போது பதினாலு வயது. எங்கள் வீட்டில் பெரிய சண்டை கதவைப் பற்றித்தான். அவள் தன் அறைக் கதவைச் சாத்துவாள், நான் திறப்பேன். “கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே என்ன வேலை?” என்று நான் கத்துவேன். “அப்பா, நீங்கள் தட்டிப்போட்டு வரவேணும்,” என்று அவள் பதிலுக்குக் கத்துவாள். பெற்ற பிள்ளையின் அறைக்குள் போகக் கதவைத் தட்ட வேண்டும் என்பது எனக்கு விளங்கவேயில்லை. எங்கேயோ கையை விட்டுப் போகிறாள் என்று பயந்தேன். அந்தப் பயம் எனக்குக் கோபமாகத்தான் வரும்.

பண்ணை வீடு எரிந்த அன்று நான் வீட்டுக்கு வந்து அவளுடைய கதவைத் தட்டினேன். தட்டியதே அவளுக்கு அதிசயம். “படுக்கும்போது கதவைச் சாத்திப் படு பிள்ளை,” என்றேன். காரணத்தையும் சொன்னேன்; இரண்டு கதிரையின் படத்தையும் காட்டினேன்.

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அப்ப சயன்ஸ் என்ர பக்கம்,” என்றாள்.

அன்றிரவு எங்கள் அறைக் கதவையும் சாத்திப் படுத்தோம். எனக்கு நித்திரை வரவில்லை. சாந்தி நன்றாகக் குறட்டை விட்டாள்.

5

கதிரைப் படத்தைக் கண்டாவளைக்கும் அனுப்பினேன். அங்கே என் அக்கா பவளமும் அத்தானும் வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீட்டில் இருக்கிறார்கள். பிள்ளைகள் கலியாணம் செய்து போய்விட்டார்கள். மீளக் குடியேறிய வருடம் வயல் வரப்பில் மிதிவெடியில் அத்தானுக்கு இடது கால் போனது. பொய்க்காலைக் கழற்றிவிட்டால் அவரால் சுவரைப் பிடித்துத்தான் நகர முடியும். வீட்டில் இருந்தபடி தண்ணீர் பம்புகள் திருத்துவார். ஆள் பெரிதாகக் கதைக்க மாட்டார். ஒரு நாளைக்குப் பத்து வசனம் பேசினால் அது திருவிழா.

படத்தைப் பார்த்துவிட்டு அக்கா தொலைபேசி எடுத்தார்.

“சாத்தச் சொல்லுறாய், சரி. எங்கட அறைக்குக் கதவு ஏது தம்பி? சீலைதானே தொங்குது.”

அது எனக்கு நினைவிலேயே இல்லை. வீட்டுக்கு வெளிக்கதவு போட்டதோடு கட்டுவேலை நின்றுவிட்டது. அறைகளுக்கு இன்றைக்கும் திரைச்சீலைதான். அயலில் முக்கால்வாசி வீடும் அப்படி.

வீட்டின் உள்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி நிக்கோலிடம் காட்டினேன். அவர் கதவைப் பார்க்கவில்லை, மேலே பார்த்தார். “சுவர் ஏன் கூரை வரை போகவில்லை?” என்று கேட்டார். எங்கள் வீடுகளில் அறைச்சுவர் ஓட்டுக்குக் கீழே நின்றுவிடும், மேலால் காற்று ஓடட்டும் என்று. புகையும் அந்த வழியால் ஓடும் என்று அவர் சொன்னார். வெயிலைப் பற்றியும் சொன்னேன். இங்கே போல எல்லாவற்றையும் சாத்திவிட்டுப் படுத்தால் அங்கே அவிந்து போவார்கள்.

“இப்படியான வீட்டில் நாங்கள் எரித்துப் பார்த்ததில்லை,” என்றார். “எப்போதும் சாத்த முடியாவிட்டால், ஓடும்போதாவது சாத்தச் சொல்லுங்கள். நடக்க முடியாதவருக்கு ஒரு யன்னல் வேண்டும்.”

தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால் அவருடைய மற்ற எல்லாக் கதையையும் நான் நம்பினேன்.

அடுத்த விடுமுறைக்குப் போய் மூன்று வேலை செய்வித்தேன். அத்தானின் அறைச்சுவரைக் கூரை வரை உயர்த்தி மேலே தகட்டுச் சீற் அடித்தோம். அறைக்குக் கனமான மரக் கதவு போட்டோம். யன்னல் கம்பியை வெட்டி, உள்ளே கொளுக்கியை இழுத்தால் திறக்கிற மாதிரி ஒட்டுவித்தோம். அத்தானுக்குக் கம்பி வேலை பிடித்திருந்தது, கொளுக்கியைத் தானே செய்தார். கதவு அக்காவுக்குப் பிடிக்கவில்லை. அதைச் சுவரோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிவைத்துவிட்டு முன்னால் பழைய சீலையையே தொங்கவிட்டார்.

“சாத்தினா அவற்ற இருமல் எனக்குக் கேக்காது,” என்றார்.

“ஒண்டு மட்டும் செய்யுங்கோ அக்கா. நெருப்பெண்டு கண்டால் அவரைத் தூக்கப் போகாதேங்கோ. உங்களாலை ஏலாது, ரெண்டு பேரும் போயிடுவியள். கதவைச் சாத்துங்கோ, ‘யன்னலுக்குப் போங்கோ’ எண்டு கத்துங்கோ, குசினியாலை ஓடிப்போய் வெளியாலை யன்னலுக்கு வாங்கோ.”

கயிற்றை அவிழ்த்து, மூன்று தரம் செய்து பார்க்க வைத்தேன். அக்கா சீலைத் தலைப்பை வாய்க்குள் வைத்துச் சிரித்துச் சிரித்து ஓடினார். அத்தான் உள்ளே குறட்டை விடுவது போல நடித்தார். அயல்வீட்டுச் செல்வராசா அண்ணை வேலியில் சாய்ந்து நின்று, “சுவிஸ்காரர் நாடகம் பழக்குறார்,” என்றார்.

கயிறு திரும்பவும் கட்டப்பட்டதா என்று நான் கேட்கவில்லை. கட்டவில்லை என்று பிறகு தெரிந்தது.

6

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, பொழுதுபடும் மைம்மல் நேரம் அது நடந்தது. விறாந்தைக்கு அடுத்த கூடத்தில் ஒரு ஸ்பொஞ்சுச் செற்றி, அதாவது சோபா, இருந்தது. வாங்கி ஆறேழு வருடமாகியும் கடையில் சுற்றிக் கொடுத்த பொலித்தீன் உறையைக் கழற்றவில்லை. ஊத்தை பிடித்துவிடும் என்று எங்கள் ஆட்கள் அதைக் கழற்றுவதில்லை. என் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. அதற்கு மேலே சாமிப்படத் தட்டு. அக்கா விளக்கு வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். பூனை தட்டியதோ காற்றோ, எரிந்த திரி செற்றியில் விழுந்தது.

அத்தானுக்கு அன்று காய்ச்சல். பொய்க்காலைக் கழற்றிவிட்டு அறையில் படுத்திருந்தார்.

அக்கா மணம் பிடித்துக் குசினிக்குள்ளால் ஓடிவந்தபோது செற்றி எரிந்துகொண்டிருந்தது. அறைக் கதவு திறந்திருந்தது, சீலையும் ஒதுங்கிக் கிடந்தது. கட்டிலில் அத்தான் எழும்பி உட்காருவது அவருக்குத் தெரிந்தது. நாலு எட்டில் போய்விடலாம். அக்கா போகவில்லை. “யன்னலுக்குப் போங்கோ” என்று கத்தினார், கதவை இழுத்துச் சாத்தினார், குசினியால் வெளியே ஓடினார்.

செல்வராசா அண்ணைதான் முதலில் வந்தவர். புகையைக் கண்டதும் மண்வெட்டிப் பிடியால் கூடத்து யன்னல் கண்ணாடியை அடித்து நொறுக்கினார். அவர் இடத்தில் நின்றிருந்தால் முந்தி வால்ட்டரும் அதைத்தான் செய்திருப்பார். நெருப்பு குமுறிக்கொண்டு ஓடு வரை ஏறியது, அண்ணையின் புருவம் கருகியது. அவர் முன்கதவைத் திறந்து உள்ளே பாயப் போனபோது அக்கா அவருடைய சாரத்தைப் பிடித்து இழுத்து, “அங்கால வேண்டாம், யன்னலுக்கு வாங்கோ,” என்று அறைப் பக்கம் கொண்டுபோனார். அங்கே அத்தான் கொளுக்கியை இழுத்துக் கம்பியைத் திறந்துவிட்டு, யன்னல் விளிம்பில் நெஞ்சை வைத்துக்கொண்டு காத்திருந்தார். அண்ணைதான் அவரைத் தூக்கி வெளியே எடுத்தார். வாளியும் நனைந்த சாக்குமாக அயல் முழுதும் வந்து அடித்தது. பட்டணத்திலிருந்து தீயணைப்பு வண்டி வந்துசேர்ந்தபோது கூடத்துக் கூரை விழுந்துவிட்டது. அத்தானின் அறைக்கு ஒன்றும் இல்லை. சுவரில் சாத்தியிருந்த பொய்க்கால் கூட அப்படியே இருந்தது.

இவ்வளவும் சரியாக நடந்தது. அதன் பிறகுதான் பிழை தொடங்கியது.

ஊரில் கதை வேறு மாதிரிப் பரவியது. செல்வராசா அண்ணை தூக்கினார், பவளம் கதவைச் சாத்தினாள். இரண்டும் உண்மை. அண்ணை கெட்ட மனிதர் இல்லை, கண்டதைத்தான் சொன்னார். “புருசன் உள்ளுக்க இருக்கேக்க கதவை இழுத்துச் சாத்திப்போட்டு வந்து வெளியில நிண்டவள்,” என்று கடையிலும் கோயிலிலும் சொன்னார். கேட்டவர்கள் ‘ச்சா’ என்றார்கள். அக்கா கோயிலுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்.

நான் அத்தானோடு தொலைபேசியில் பேசினேன். நான்தான் சொல்லிக்கொடுத்தேன், அக்கா அதைச் செய்தார் என்று விளக்கினேன்.

“கதவு சாத்தின சத்தம் இன்னும் காதுக்க நிக்குது தம்பி,” என்றார். அவ்வளவுதான்.

நான் செய்த பெரிய பிழை அதை அக்காவிடம் சொன்னது. அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை.

“அந்த மனுசன் உள்ளுக்க இருந்து என்ன நினைச்சிருக்கும்,” என்றார். “நீ படிச்சதைச் சொன்னாய். நெருப்பு எப்பிடிப் போகுமெண்டு அவையள் அளந்திருப்பினம். இதை ஆர் அளந்தது?”

அது நிக்கோலிடம் கேட்கக்கூடிய கேள்வி இல்லை.

7

இந்த வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கென்று போய், இரண்டு கிழமை கண்டாவளையில் நின்றேன். ஆரணி வரவில்லை. அவளுக்குப் பரீட்சை. கூடத்துக்குப் புதிய கூரை போட்டிருந்தார்கள். செற்றி இல்லை, பிளாஸ்ரிக் கதிரைகள் இருந்தன. அறைக் கதவு மட்டும் பழையபடி இருந்தது. கூடத்தைப் பார்த்த பக்கம் முழுவதும் கருகி, வெடித்து, முதலைத் தோல் மாதிரி. தச்சன் வந்து சீவிப் பூச்சுப் பூசித் தருகிறேன் என்றானாம். அத்தான் கை வைக்க விடவில்லையாம். அக்கா அதையும் தன் மீதுள்ள கோபம் என்றுதான் எடுத்துக்கொண்டார்.

“நான் செய்ததை ஒவ்வொரு நாளும் எனக்குக் காட்டுறாராக்கும்,” என்று குசினிக்குள் வைத்து என்னிடம் சொன்னார். அந்த வீட்டில் இரண்டு பேரும் சண்டை போடவில்லை. சாப்பாடு, மருந்து, பம்பு என்று தேவையானதைப் பேசினார்கள். அந்தக் கதவைப் பற்றி மட்டும் ஒரு வருடமாக ஒரு சொல் இல்லை.

நான் திரும்புவதற்கு முதல் நாள் பின்னேரம் செல்வராசா அண்ணை வந்தார். சுவிஸிலிருந்து வந்தவனைப் பார்க்கத் தன் மருமகனையும் கூட்டிவந்திருந்தார். மருமகன் நெடுங்கேணிப் பக்கம். அவருக்குக் கதை தெரியாது, கருகிய கதவைப் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டார். அக்கா தேத்தண்ணித் தட்டத்தோடு வந்துகொண்டிருந்தார்.

“அதையேன் கேக்கிறீர்,” என்றார் அண்ணை. “மனுசி கதவைச் சாத்திப்போட்டா, நான் போய்த் தூக்கினபடியால் மனுசன் தப்பினார்.” கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பலதரம் சொல்லி அவருடைய வாயில் அது அப்படியே வந்துவிட்டது.

அக்கா தட்டத்தை வைத்துவிட்டுத் திரும்பினார்.

“பவளம், நில்லு,” என்றார் அத்தான்.

அவர் சுவரைப் பிடித்து எழும்பினார். பொய்க்காலை ஊன்றி நடந்து அறை வாசலில் நின்றார். “செல்வராசா, உள்ளுக்க வாரும். தம்பி, நீயும் வா. மருமகனும் வாரும்.” ஒரே மூச்சில் மூன்று வசனம். நாங்கள் உள்ளே போனோம். கட்டில், அலுமாரி, பம்புச் சாமான்கள். நாலு ஆண்கள் நிற்க இடம் காணாது.

“பவளம், கதவைச் சாத்து,” என்றார்.

அக்கா அறை வாசலுக்கு வந்தார்.

“என்னத்துக்கு இப்ப?” என்றார் அக்கா.

“சாத்தன். அண்டைக்குச் சாத்தின மாதிரி.”

கதவு வந்து நிலையில் அடித்தது. கனமான மரம். அறை கொஞ்சம் இருண்டது. கதவின் உள்பக்கத்தில் நான் வாங்கிக்கொடுத்த வெள்ளைப் பூச்சு ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. மூலையில் தச்சன் பென்சிலால் எழுதிய அளவுகூட அழியவில்லை.

செல்வராசா அண்ணை கதவைத் தடவினார். வால்ட்டர் தடவியது போலவே மெதுவாகத் தடவினார். வெளியிலே கண்ட கரியையும் உள்ளே காணும் வெள்ளையையும் அவர் மனதில் சேர்த்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

“நீர் என்னைத் தூக்கினது உண்மை,” என்றார் அத்தான் அவரிடம். “ஆனால் நீர் வரேக்க தூக்கிறதுக்கு நான் இருந்தனான்.”

அண்ணை தன் புருவத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

அத்தான் கதவுக்குக் கிட்டப் போனார். வெளியே நிற்பவருக்குக் கேட்கும்படி, வெள்ளைப் பலகையில் வாயை வைத்த மாதிரிப் பேசினார்.

“எழும்பேக்க எனக்கு ஒண்டும் விளங்கேல்லை, பவளம். காய்ச்சல். நீ கத்தினது கூட வடிவாக் கேக்கேல்லை. இந்தச் சத்தம்தான் கேட்டது. நாங்கள் விளையாட்டுக்குச் செய்தனாங்களே, அது நினைவு வந்தது. நீ அங்கால யன்னலுக்கு ஓடுறாய் எண்டு விளங்கினது. அதாலதான் நானும் யன்னலுக்குப் போனனான்.”

அக்கா போய்விட்டார் என்று நினைத்தேன். அத்தான் மட்டும் அசையாமல் நின்றார். அக்கா போகவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கருகிய பக்கத்திலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

“இதை ஒரு வருசத்துக்கு முதல் சொன்னா வாய் தேஞ்சு போயிடுமே உங்களுக்கு?”

“நீ கேக்கேல்லையே,” என்றார் அத்தான்.

“துறக்கட்டே? தேத்தண்ணி ஆறுது.”

“துற,” என்றார்.